விமானத்துக்கு வெளியே எரியும் விளக்குகள்

ஆசிரியருக்கு,

விண்வெளியிலிருந்து எடுத்த, பிரேசில் நாட்டின் தலைநகரான பிரசிலியாவின் இரவுப் படத்தைப் போட்டு 'விமான வடிவ நகரம்' என்று வியந்திருந்தீர்கள். 1960-இல் திறக்கப்பட்ட அந்தத் தலைநகரை நகரமைப்பாளர் லூசியோ கோஸ்தா வரையத் தொடங்கியது, குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளில்தான். விமானம் என்பது பார்ப்பவர்கள் சொன்னது. சரி, அது இருக்கட்டும். பரனோவா ஏரியின் இருட்டுக்கு மேற்கே, இறக்கைகளைத் தாண்டி நெருக்கமாக மின்னும் விளக்குகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? அவை தாகுவாதிங்கா, செய்லாந்தியா போன்ற துணை நகரங்கள். தலைநகரைக் கட்ட வந்த தொழிலாளர்கள் பலருக்கு அதற்குள் இடம் கிடைக்கவில்லை. 1971-இல் குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களைக் குடியமர்த்த உருவானதுதான் செய்லாந்தியா. இன்றும் தலைநகர் மாவட்ட மக்களில் பெரும்பாலோர் வசிப்பது அந்த 'விமானத்துக்கு' வெளியேதான். அடுத்த முறை படத்தின் ஓரங்களை வெட்டாமல் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர்