டெபாசிட் போனவர்கள் சார்பில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒற்றைக் கோரிக்கையோடு தேர்தலில் நிற்கும் சிறு கட்சிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். உழவர் உழைப்பாளர் கட்சிக்குக் கட்டுரையாளர் ஒன்றரை வரி ஒதுக்கியிருக்கிறார். டெபாசிட் இழப்பதற்கென்றே பிறந்த கட்சியாம். அதே மூச்சில் 1996 மொடக்குறிச்சித் தேர்தலையும் இழுத்து, தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்ளாத வேட்பாளர்கள் என்று சிரித்திருக்கிறார். நன்றாகச் சிரிக்கட்டும். காசா, பணமா?

அந்த 1,033 வேட்பாளர்களில் அடியேனும் ஒருவன். எனக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. என்னைப் போல ஒற்றை ஓட்டு வாங்கியவர்கள் 158 பேர், அதுவும் இல்லாதவர்கள் 88 பேர். அந்த ஒரு ஓட்டும் நான் போட்டதில்லை; வழக்கமாகப் போடும் சின்னத்துக்குத்தான் போட்டேன். யார் எனக்குப் போட்டது என்று வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். எங்களுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று நாங்கள் யாரையும் கேட்கவே இல்லையே, ஐயா! வயலுக்குத் தண்ணீர் கேட்டு மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், கடைசியில் வேட்புமனுவாகக் கொடுத்துப் பார்த்தோம். அவ்வளவுதான்.

வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்ச் சாவடியில் ஓர் அப்பத்தா, விரலில் எச்சில் தொட்டு ஏடு ஏடாகப் புரட்டி, “உதயசூரியன் எந்தப் பக்கத்துல சாமி?” என்று உள்ளிருந்தே சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது. சூரியன்தான் ஜெயித்தது, சுப்புலட்சுமி ஜெகதீசன் சட்டமன்றம் போனார். எங்கள் கோரிக்கைக்கு என்ன பதில் வந்தது தெரியுமா? அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். சுயேச்சைக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதாது, பத்துப் பேர் வேண்டும் என்றார்கள். பிற்பாடு அந்த டெபாசிட் 10,000 ஆனது. வயலுக்குத் தண்ணீர் கேட்டவன் வாசல்படிக்கே வரக்கூடாது என்று உயர்த்திக் கட்டிய இந்தப் படியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் உண்டா? தாங்கள் அறியாததா?

இன்னொன்று. மொடக்குறிச்சியில் நின்ற எங்களில் அநேகர் சுயேச்சைகள். அதைத் தூக்கி ஒரு கட்சியின் தோல்விக் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்? உழவர் உழைப்பாளர் கட்சி 1982-இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தொடங்கியது. அதற்கு முன்பே 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று உயிர் போயிருக்கிறது. 1972 போராட்டத்தில் கோவை வீதிகளை அடைத்து நின்ற கட்டைவண்டிகளை நேரில் பார்த்தவன் நான்; எங்கள் அப்பாரின் வண்டியும் அதில் ஒன்று. நாயுடு 1984 டிசம்பரில் தேர்தல் பிரச்சாரத்துக்குப் போன இடத்தில், கோவில்பட்டியில் காலமானார். அவர் கட்சி கோட்டையைப் பிடிக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்ததே, அது யார் கேட்டு வந்தது? வோல்டேஜ் இல்லாமல் ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் உறுமுவதைக் கேட்டபடி தோட்டத்தில் நிற்கிறவனைப் பார்த்து, ‘இலவசத்துக்குப் பழகியவர்கள்’ என்று தலையங்கம் எழுதிய இதழ்தானே இது. அதற்கு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை நாலு வரியாக நறுக்கிப் போட்டீர்கள். அந்த நாலு வரியும் தங்களைப் பாராட்டிய வரிகள்.

2019 நாடாளுமன்றத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 வேட்பாளர்கள். அவர்களில் 178 பேர் மஞ்சளுக்கும் சோளத்துக்கும் நியாய விலை கேட்ட விவசாயிகள். சாவடிக்கு 12 இயந்திரம் என்று அப்போது பெரிதாகப் படம் போட்டீர்கள். மஞ்சள் என்ன விலைக்குப் போனது என்று போடவில்லை. அப்போதைய தெலங்கானா முதலமைச்சர் சந்திரசேகர ராவின் மகள் கவிதா அங்கே தோற்றார். மஞ்சள் வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பா.ஜ.க. அரவிந்த் ஜெயித்தார். அதே தேர்தலில் நிஜாமாபாத்காரர்களோடு எங்கள் ஈரோட்டு விவசாயிகளும் மோடி நின்ற வாரணாசி வரைக்கும் வேட்புமனுவோடு போனார்கள்; பெரும்பாலான மனுக்கள் தள்ளுபடி. 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் தேசிய மஞ்சள் வாரியம் திறந்தார்கள். டெபாசிட் போனவர்கள் கேட்டதுதான் அந்த வாரியம். எங்கள் ஈரோட்டுக்கு அது வரவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு உண்டு, மறைக்கவில்லை. அதைப் பற்றித் தங்கள் கட்டுரையாளர் எழுதலாம். பொழுது இருந்தால்.

திருத்தம், மன்னிப்பு எல்லாம் நான் கேட்கவில்லை, போடவும் மாட்டீர்கள். வாரா வாரம் கடைசிப் பக்கத்து மூலையில் ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலை என்று ஒரு சின்னக் கட்டம் வரும். விரலி மஞ்சள், கிழங்கு மஞ்சள் என்று தனித்தனியாக, குவிண்டாலுக்கு இவ்வளவு என்று இருக்கும். அந்த இடத்தில் இப்போது ராசிபலன் வருகிறது. வியாபாரி போனில் சொல்லும் விலை மெய்தானா என்று பார்க்க எங்களுக்கு இருந்தது அந்தக் கட்டம் ஒன்றுதான். அறுவடை முடிந்து மஞ்சள் வேகவைத்துக் காயப் போட்டிருக்கிறோம். அடுத்த வாரத்திலிருந்தாவது அதை மறுபடி போட்டால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மஞ்சள் விவசாயி,
மொடக்குறிச்சி வட்டம், ஈரோடு மாவட்டம்.