தேன்கூடா, நுரையா?

ஐயா,

கார்பன் ஃபைபர் கட்டுரையில், இரண்டு கார்பன் தோல்களுக்கு நடுவே வைக்கும் இலேசான உட்பொருளாகத் 'தேன்கூடு அட்டையே சிறந்தது' என்று எழுதியிருந்தீர்கள். பீன்யாவில் 18 வருடமாக லேஅப், அதாவது இழைத்துணியை அச்சில் அடுக்கும் வேலை, செய்பவன் நான். அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

வேக்யூம் இன்ஃபியூஷனில் (உலர்ந்த துணிக்குள் வெற்றிடத்தால் ரெசினை, அதாவது பிசினை, இழுக்கும் முறை) திறந்த தேன்கூட்டை வைத்தால் அறைகளில் ரெசின் நிரம்பி, பாகம் அம்மிக்கல்லாகிவிடும். என் முதல் ட்ரோன் மூடி அப்படித்தான் போனது. முதலாளி தராசைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. இன்ஃபியூஷனுக்கு, ரெசின் ஓடப் பள்ளம் வெட்டிய பி.வி.சி. நுரைதான் சரி. ஆனால் அந்த நுரையில் சாதாரண ரகத்தை, 120 டிகிரியில் இறுகும் ப்ரீப்ரெக்கோடு (முன்பே ரெசின் ஊறிய துணி) அடுப்பில் ஏற்றினால் அமுங்கிவிடும். அங்கே நோமெக்ஸ் (வெப்பம் தாங்கும் அராமிட் காகிதம்) தேன்கூடுதான் சரி, தோலோடு பிடிக்க ஒட்டுப்படலத்தோடு. அலுமினியத் தேன்கூடானால் இடையில் கண்ணாடியிழைத் துணி வேண்டும்; இல்லாவிட்டால் கார்பன் பட்ட இடம் ஈரத்தில் அரித்துப்போகும்.

மழைக்காலத்தில் நோமெக்ஸை உலர்த்தாமல் யாரும் எடுக்காதீர்கள்.

– லேஅப் மேற்பார்வையாளர், பீன்யா, பெங்களூரு