ஏழு குறிப்பிலும் மணி இல்லை

குடியாத்தம்,
ஞாயிறு.

அன்பு மகள் மலருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீ அனுப்பிய ஏழு ஓட்டல் குறிப்புகளையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். "செம டேஸ்ட்", "சர்வீஸ் ஓகே", "கொஞ்சம் காரம்". ஏழிலும் இதுதான் திரும்பித் திரும்பி வருகிறது. நீ திருப்தியாகச் சாப்பிட்டாய் என்பது புரிகிறது கண்ணு, ஆனால் இலையில் என்ன விழுந்தது என்பது தெரியவில்லை. அதைவிடப் பெரிய குறை, ஒன்றில்கூட எத்தனை மணிக்குப் போனாய் என்று எழுதவில்லை. மணி இல்லாத ஓட்டல் குறிப்பை வைத்துக்கொண்டு யாரும் சாப்பிடப் போக முடியாது.

டிபனையே எடுத்துக்கொள். ஏழு மணிக்கு வைக்கிற இட்லி ஈட்டிலிருந்து நேரே தட்டுக்கு வருகிறது. பத்தரைக்கு வைப்பது கடைசி ஈடு, ஈரத்துணி போட்டு மூடி வைத்தது. மேல்தோல் ஈரம் கோத்துக்கொண்டு விரலில் பிசுபிசுக்கும், பிட்டால் நடுவில் பஞ்சுபோன்ற மென்மை இருக்காது. மாஸ்டரும் அவரே, மாவும் அதே மாவுதான். சாம்பாரும் அப்படித்தான். எட்டரைக்குக் கூட்டம் ஏறும்போது வெந்நீர் ஊற்றி நீட்டுவார்கள். கிண்ணத்தை இரண்டு நிமிடம் தொடாமல் வைத்துப் பார். பருப்பு அடியில் இறங்கி மேலே தெளிந்த தண்ணீர் நின்றால் நீட்டியது. நீட்டியது தெரியாமலிருக்க மாவு கரைத்து விடுவதும் உண்டு. அது ஆறினதும் ஆடை கட்டும், பளபளவென்று கூழ் மாதிரி இருக்கும். பொங்கலுக்கு மேலே நெய் மினுங்குவதைப் பார்த்து மயங்காதே, ஸ்பூனால் நடுவில் தோண்டி அங்கே நெய் இருக்கிறதா என்று பார். வடை எண்ணெய் பழசென்றால் வாயைவிடத் தொண்டைக்குத்தான் முதலில் தெரியும். கரகரவென்று ஒட்டும். வாணலியில் எண்ணெய் நுரைத்துக்கொண்டே இருந்தால் அன்றைக்கு வடை வேண்டாம்.

இனி பிரியாணி. நீ போன ஏழில் நாலு பிரியாணிக் கடை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆம்பூர் பிரியாணி என்றால் சீரக சம்பா அரிசி, கறிக்குச் சமஎடை அரிசி, காய்ந்த மிளகாய் விழுது. மிளகாயை விதை உதறி வெந்நீரில் ஊறவைத்து அரைப்பது. மிளகாய்த் தூளோ பச்சை மிளகாயோ போட்டு அந்த நிறமும் மணமும் வராது. பட்டை, கிராம்பு, ஏலக்காய் அளவோடுதான். கறியை இஞ்சி பூண்டு, விழுது, தயிர், தக்காளி, புதினா, கொத்தமல்லியோடு எண்ணெயில் வேகவிடுவார்கள். அரிசி அரை மணி ஊறினால் போதும், அதற்கு மேல் ஊறினால் ஒடியும். அதைத் தனியாக உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வடித்துக் கறியின்மேல் கொட்டி, மூடிமேல் தணல் வாரிப்போட்டு இருபது நிமிடம் போல தம்.

எது தப்பினால் என்ன ஆகும் என்பது தெரிந்தால்தான் உன்னால் எழுத முடியும். மசாலாவில் தண்ணீர் அதிகம் நின்றால் அடிச்சோறு குழையும், மேல்சோறு விறைக்கும். அரிசியை முழு வேக்காட்டில் வடித்தால் தம்மில் களியாகும். வேகாமல் போட்டால் பருக்கைக்குள் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி நிற்கும், ஒரு பருக்கையை நசுக்கிப் பார். எடுக்கும் விதத்தையும் கவனி. தெரிந்தவர் தட்டையோ சாசரையோ தேக்சாவின், அதாவது பிரியாணி வேகிற அண்டாவின், ஓரத்தில் செங்குத்தாக இறக்கி மேலும் கீழும் சேர்ந்து வருகிற மாதிரி வெட்டி எடுப்பார். கரண்டி போட்டு நடுவில் கிளறினால் சீரக சம்பா நொறுங்கிவிடும். அப்படி நொறுங்கியதைத்தான் நீ ஒரு குறிப்பில் "ரைஸ் சாஃப்ட்" என்று பாராட்டியிருக்கிறாய் என்று எனக்குச் சந்தேகம்.

நிறத்தைப் பார்ப்பது சுலபம். மிளகாய் விழுதின் சிவப்பு எல்லாப் பருக்கையிலும் ஏறாது, சிலது வெள்ளையாக, சிலது செம்மண் நிறத்தில் கலந்து கிடக்கும். தட்டு முழுவதும் ஒரே ஆரஞ்சு என்றால் கலர்ப்பொடி, கை கழுவியும் நகக்கண்ணில் நிற்கும். பிரியாணியில் செயற்கை நிறம் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை.

மணிக்கு வருகிறேன். ஒரு நாளைக்குப் பல தேக்சா இறங்கும். திறந்து கால்மணிக்குள் சாப்பிட்டால் ஒரு ருசி, ஒன்றரை மணி கழித்துச் சாப்பிட்டால் வேறு. கறித்துண்டு மேலே காய்ந்து நார் பிரிந்து நிற்கும், அடியில் எண்ணெய் இறங்கியிருக்கும். உட்காரும்முன், "எத்தனாவது தேக்சா அண்ணே, எப்போ திறந்தது?" என்று கேள். தயங்காமல் சொல்கிற கடையில் பயமில்லாமல் உட்காரலாம். நாலு மணிக்குப் போய் ஆறிய சோறு தின்றுவிட்டுக் கடையைக் குறை சொல்லி எழுதுவது நியாயம் இல்லை. ஆனால் நாலு மணிக்கும் சூட்டோடு வைத்திருக்க வேண்டியது கடையின் பொறுப்பு, அதை எழுது. சுடச்சுட வைக்கிற சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. வெதுவெதுப்பான கறி ருசியாகவே இருந்தாலும் வயிற்றுக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் சில கடைகள் சாத்தியிருக்கும், அன்றைக்கு ஒன்றரைக்குப் போய் நின்று "சர்வீஸ் இல்லை" என்று எழுதிவிடாதே.

பணம் குறைவாகச் செலவழித்து ஒரு கடையை அளக்க வேண்டுமா, குஸ்கா வாங்கு. கறி இல்லாததால் சோறு தன் குறையை மறைக்க முடியாது. அதே தேக்சாவிலிருந்து எடுத்த குஸ்காவென்றால் கறிச்சாறு பருக்கையில் ஏறியிருக்கும். தனியாகச் சமைத்ததென்றால் மசாலா மட்டும் மேலே பூசினாற்போல் இருக்கும்.

பிரியாணியோடு கூட வருகிற கத்தரிக்காயை எதிலும் நீ தொடவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். தயிர் வெங்காயம் எந்த ஊரிலும் கிடைக்கும். புளியும் காரமும் தூக்கலாக, எண்ணெய் பிரிந்து நிற்கிற அந்தக் கத்தரிக்காய்தான் கறிக்கொழுப்பின் திகட்டலை அறுக்கிறது. பச்சைப் புளிவாடை வந்தால் கொதி போதவில்லை. விதை பல்லில் நறநறவென்றால் முற்றல் காய். நம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் இலவம்பாடியில் விளைகிற முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்கும் காலத்தில் அதைப் போடுகிறார்களா என்று கேட்டுப் பார். காம்பில் முள் இருக்கும், சதைப்பற்று அதிகம், வெந்தாலும் கரைந்துபோகாது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். "வேலூர் மாவட்டம் ஆம்பூர்" என்று எழுதியிருக்கிறாய். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போய்விட்டன. படிக்கிறவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்வார்கள். பழைய நினைவில் வட ஆற்காடு என்று அந்தக் காலத்து மாவட்டப் பெயரைப் போட்டால் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே காந்தி ரோட்டுச் சந்துகளில் வங்காளிச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குப் போய், "மீன் குழம்பு தண்ணியா இருந்தது" என்று எழுதியிருந்தாய். அது தப்பு. அந்தக் குழம்புக்கு ஜோல் என்று பெயர், தண்ணியாகத்தான் இருக்க வேண்டும். மஞ்சள், கருஞ்சீரகம், கீறிய பச்சை மிளகாய், நீளவாக்கில் வெட்டிய உருளைக்கிழங்கு, பொரித்த மீன், அவ்வளவுதான். நம் புளிக்குழம்பை மனதில் வைத்துக்கொண்டு அதை அளக்கக் கூடாது. அங்கே பார்க்க வேண்டியது வேறு. கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சிச் சூட்டைக் குறைத்துத்தான் மீனைப் போட வேண்டும். காயாவிட்டால் பச்சை நெடி மூக்கில் ஏறும். கடுகு அரைத்த குழம்பென்றால் கசக்கிறதா என்று பார். உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்து அரைக்காவிட்டாலும் அதிக நேரம் அரைத்தாலும் கசக்கும். ரோகுவும் கட்லாவும்தான் பெரும்பாலும் வரும். வயிற்றுத் துண்டு கேட்டு வாங்கு, கொழுப்பு உண்டு, முள் பெரியதாகக் கையில் கிடைக்கும். முதுகுத் துண்டில் சதை அதிகம், ஆனால் மயிர்முள் நிறைய. பழகாதவர்களுக்கு ஆபத்து, அதைக் குறிப்பில் கட்டாயம் எழுது. துண்டின் அளவுக்கேற்ப விலை மாறும், இலையில் வைக்கும்முன் கேட்டுக்கொள்.

அந்தக் கடைகளில் உட்காருகிறவர்களில் பாதிப்பேர் நோயாளியைக் கட்டிலில் விட்டுவிட்டுச் சாப்பிட ஓடிவந்தவர்கள். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ. அங்கே நல்ல சர்வீஸ் என்றால் சிரித்த முகம் இல்லை, காரமில்லாமல், எண்ணெயில்லாமல் ஒரு பத்தியச் சாப்பாடு கேட்டால் முகம் சுளிக்காமல் கட்டிக்கொடுப்பது. கேட்டுப் பார்த்து எழுது. போனை நீட்டிப் படம் எடுக்காதே.

சர்வீஸுக்கு நீ போடுகிற ஸ்டார் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நிமிடத்தை எழுது. மதியச் சாப்பாட்டுக் கடையென்றால் உட்கார்ந்தது எத்தனை மணி, இலை விழுந்தது எத்தனை, சோறு வந்தது எத்தனை. இரண்டாம் சோற்றுக்குச் சப்ளையர் தானாக வந்தாரா, கூப்பிட்டு வந்தாரா? பொரியல் இரண்டாம் தடவை கிடைத்ததா? ரசம் சூடாக இருந்ததா, வாளியில் ஆறிப்போய் வந்ததா? மேசை துடைக்கிற துணியை ஒரு தடவை பார்த்துக்கொள், மோந்து பார்க்க வேண்டியதில்லை, தூரத்திலேயே தெரியும். அளவுச் சாப்பாடா முழுச் சாப்பாடா என்பதை எழுத மறக்காதே. ஒன்றே கால் மணிக்கு எந்தக் கடையும் திணறும், அதனால் ஒருமுறை பன்னிரண்டரைக்கும் ஒருமுறை இரண்டுக்கும் போய்ப் பார்த்தபிறகு எழுது. ஞாயிற்றுக்கிழமை ஒன்று, வார நாள் ஒன்று என்று இருந்தால் இன்னும் நல்லது.

பில்லையும் படி. சாதாரண ஓட்டலுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், இரண்டரை இரண்டரையாகப் பிரித்துப் போட்டிருக்கும். மொத்த விற்பனைக்குத் தானே வரி கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்னக் கடை உன்னிடம் வரி தனியாக வாங்கவே கூடாது. சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாதென்று 2022 ஜூலையிலேயே உத்தரவு வந்துவிட்டது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல், எடுக்கவில்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915. பில்லில் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு உரிம எண் பதினான்கு இலக்கத்தில் இருக்க வேண்டும்.

உன் மூன்றாம் குறிப்பைத் திருத்தி எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி போட்டிருக்கிறேன். விவரங்கள் என் கற்பனை, நீ உன்னுடையதைப் போட்டுக்கொள்:

"ஞாயிறு, பகல் 12.40. மட்டன் பிரியாணி, இரண்டாவது தேக்சா, திறந்து பத்து நிமிடம். மூன்று துண்டு, ஒன்று எலும்பு. கறி விரலால் பிரிந்தது. சோறு உடையவில்லை, அடிப்பக்கம் லேசாகக் குழைவு. கத்தரிக்காய் விதையில்லாமல் இருந்தது, புளி கொஞ்சம் பச்சை. உட்கார்ந்து ஆறு நிமிடத்தில் தட்டு வந்தது, தயிர் வெங்காயம் இரண்டாம் தடவை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பில்லில் வரி தவிர வேறெதுவும் இல்லை."

எட்டு வரிதான். "செம" என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை பார்.

ஆற்காடு மக்கன் பேடா பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறாய், "பெரிய குலோப் ஜாமூன்" என்று. அப்பா படித்துவிட்டு ஒரு மணி நேரம் பேசவில்லை. கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் நறுக்கு வைத்துத் தட்டையாகத் தட்டி மெதுவான சூட்டில் பொரித்துப் பாகில் போடுவது அது. பாதியாக வெட்டிப் பார். பாகு நடுவரைக்கும் ஏறியிருக்க வேண்டும். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் மேல்தோல் சீக்கிரம் இறுகி, நடுவில் வெள்ளையாக மாவு நிற்கும். பருப்பு இல்லாமல் வெறும் உருண்டையாக இருந்தால் அதைப் பேடா என்று எழுதாதே.

பரோட்டா, சால்னா பற்றி நீ எழுதியது சரியாகவே இருந்தது, மாற்ற வேண்டாம்.

சனிக்கிழமை வரும்போது ஆம்பூரில் இறங்கி இரண்டு குஸ்கா, ஒரு மட்டன் வாங்கி வா. பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், ஆவி மூடியில் தண்ணீராகிச் சோற்றில் சொட்டும். இலையில் கட்டச் சொல். டப்பாதான் என்றால் மூடியை இரண்டு நிமிடம் திறந்து வைத்துவிட்டு மூடு. கத்தரிக்காயைத் தனியாகக் கட்டச் சொல், அப்பாவுக்கு இரண்டு பங்கு வேண்டும். பேடா வேண்டாம், அவருக்குச் சர்க்கரை இன்னும் இறங்கவில்லை.

அன்புடன்,
அம்மா