சைலோவின் ஓரத்தில் வாய் வெட்டுவது பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே கனடாவில், வின்னிபெக்கில் மகள் வீட்டில் எல்லோரும் நலம். குளிர்தான் எனக்கு இன்னும் பழகவில்லை.

தீவன ஆலையின் மக்காச்சோள சைலோவில், அதாவது அந்த உயரமான எஃகு உருளைக் கிடங்கில், லாரி நேரே வந்து நிற்க வசதியாகச் சுவரின் அடிப்பகுதியில் தானியம் இறக்க இன்னொரு வாய் வெட்டச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். "இத்தனை வருடம் நிறைந்து நிற்கிறது, ஒரு தகடுகூட நெளியவில்லையே" என்கிறாராம் முதலாளி. கையெழுத்துப் போடாதே, சேகர்.

தானியத்தின் எடை முழுவதும் அடித்தளத்துக்குப் போவதில்லை, உராய்வின் வழியாகப் பெரும்பங்கைச் சுவரே வாங்கிக்கொள்கிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் 1895இலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். அந்தச் சுமை சுவரைக் கீழ்நோக்கி நசுக்குகிறது. மெல்லிய எஃகுத் தகடு மடங்காமல் நிற்க, உள்ளேயிருக்கும் தானியம் எல்லாப் பக்கமும் சீராக வெளியே தள்ளிக்கொண்டிருப்பதும் உதவுகிறது. ஓரத்தில் வாய் திறந்தால் அந்தச் சுவரை ஒட்டிய குறுகிய தடத்தில்தான் தானியம் ஓடும். ஓடும் இடத்தில் அழுத்தம் விழுந்துவிடும். பக்கத்தில் அசையாமல் நிற்கும் தானியமோ பழையபடி தள்ளும். உருளை வட்டம் கெட்டு வளையும். தடத்தை ஒட்டிச் செங்குத்துச் சுமையும் கூடும். தகடு மடங்குவது அங்கேதான். நடுவில் வாய் வைத்து இறக்கிய வருடங்கள் இதற்குச் சான்றாகா.

மண் இயக்கவியல் வகுப்பில் படித்த டிரான்ஸ்கோனா தானியக் கிடங்கு நினைவிருக்கிறதா? அது இந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. 1913 அக்டோபர் 18 அன்று, முதன்முறையாக நிரப்பிக்கொண்டிருக்கும்போதே இறங்கத் தொடங்கி, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய 27 டிகிரி சாய்ந்துவிட்டது. 65 உருளைகளும் பெரிய சேதமின்றி ஒரே கட்டாகச் சாய்ந்தன என்பது அதைக் கட்டியவர்களின் கைத்திறனுக்குப் பெருமை. கட்டுவதற்கு முன் மண்ணையும் சோதித்திருந்தார்கள். ஆனால் அந்தச் சோதனை மேலேயிருந்த இறுகிய களிமண்ணைத்தான் அறிந்தது; அகன்ற அடித்தளத்தின் சுமையோ அடியிலிருந்த இளகிய களிமண்வரை இறங்கியது. பிறகு தானியத்தைக் காலிசெய்து, பாறைவரை தூண்கள் இறக்கி, நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தினார்கள். உன் முதலாளியிடம் இந்தக் கதையைச் சொல். ஒன்றுக்குச் செய்த சோதனையை இன்னொன்றுக்குச் சான்றாகக் காட்டும் அதே தவறைத்தான் அவரும் செய்கிறார்.

ஈரச்சோளம் உள்ளே பாலம்போல் கட்டிக்கொண்டால் ஆட்கள் கம்பியோடு மேலே இறங்கிக் குத்துகிறார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பாலம் உடைந்தால் ஆள் சில நொடிகளில் புதைந்துபோவான். இடுப்புவரை புதைந்தவனைக் கையால் இழுத்து எடுக்க முடியாது. வாய் விவகாரம் காத்திருக்கலாம், இதை நாளையே நிறுத்து. அடைப்பை வெளியிலிருந்தே எடுக்கட்டும்.

லாரி வசதிதான் வேண்டுமென்றால், நடு வாயை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் கீழிருந்து ஒரு கன்வேயரை வெளியே இழுத்துவிடலாம். செலவு கூடும்தான். வரைபடங்களையும், ஒவ்வொரு வளையத்திலும் தகட்டின் இன்றைய தடிமனை அளந்தும் அனுப்பு. கணக்கை நான் போட்டுத் தருகிறேன். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு