கைப்பேசி விமர்சனங்களில் விடுபட்டுப் போகும் தேதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தைத் தவறாமல் படித்துவரும் வாசகன் நான். தொழிலால் பொறியாளன் அல்லன். பழைய கைப்பேசிகளையும் மடிக்கணினிகளையும் பிரித்துப் பார்ப்பதும், முடிந்தால் அவற்றை மறுபடி ஓடவைப்பதும் என் பொழுதுபோக்கு. அந்த ஆர்வமே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. புதிய கைப்பேசி ஒன்று சந்தைக்கு வரும்போது தங்கள் பக்கத்தில் வெளியாகும் விமர்சனத்தில் கேமராவின் மெகாபிக்சல், திரையின் அங்குலம், பேட்டரியின் எம்ஏஎச், சார்ஜரின் வாட், விலை, வங்கி அட்டைக்கான தள்ளுபடி என எல்லா விவரங்களும் இடம்பெறுகின்றன. ஆனால் அந்தக் கைப்பேசிக்குப் பாதுகாப்பு அப்டேட், அதாவது மென்பொருளின் பாதுகாப்புக் குறைபாடுகளைச் சரிசெய்யும் திருத்தம், எந்த ஆண்டின் எந்த மாதம்வரை கிடைக்கும் என்பது மட்டும் எழுதப்படுவதில்லை. பால் பாக்கெட்டில்கூட அச்சிடப்படும் தேதி, இருபதாயிரம் ரூபாய்ப் பொருளின் விமர்சனத்தில் விடுபட்டுப் போவதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதம்.

இந்தத் தேதிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று சிலர் கேட்கக்கூடும். 2015-ஆம் ஆண்டு ஆண்ட்ராய்டில் ‘ஸ்டேஜ்ஃப்ரைட்’ என்ற குறைபாடு வெளிச்சத்துக்கு வந்தது. தீங்கான எம்எம்எஸ் ஒன்றை அனுப்பியே ஒருவருடைய கைப்பேசிக்குள் நுழைந்துவிட முடியும் என்று அப்போது தெரியவந்தது. அதன் பிறகுதான் கூகுள், தன் இயங்குதளத்தில் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைபாடுகளையும் அவற்றுக்கான திருத்தங்களையும் முறையான அறிக்கைகளாக வெளியிடத் தொடங்கியது. இதில் பலர் கவனிக்காத ஓர் உண்மை உண்டு. திருத்தம் வெளியாகும் அதே நாளில், குறைபாடு எங்கே இருக்கிறது என்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. அப்டேட் கிடைக்கும் கைப்பேசி தப்பித்துக்கொள்கிறது. அப்டேட் நின்றுபோன கைப்பேசியோ, அதே குறைபாட்டைச் சுமந்துகொண்டு யுபிஐ பணப் பரிமாற்றத்துக்கும் ஓடிபி எண்களுக்கும் ஆதார் சார்ந்த சேவைகளுக்கும் நாள்தோறும் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. செயலிகளும் பழைய இயங்குதளங்களை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. 2025 தொடக்கத்தில் வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டு 4.4 பதிப்புக்கான ஆதரவை நிறுத்தியது. என் தெருவில் உள்ள ஓய்வூதியர் ஒருவரின் கைப்பேசியில் ஒரு கீறல்கூட இல்லை, பேட்டரியும் நாள் முழுக்கத் தாங்குகிறது. ஆனால் அவருடைய வங்கியின் செயலி, இயங்குதளம் பழையது என்று கூறித் திறக்க மறுத்துவிட்டது. கடைக்காரர் விற்றபோதும் அவருக்கு இதைச் சொல்லவில்லை, அவர் படித்த விமர்சனத்திலும் இது இல்லை.

நிறுவனங்கள் இந்த விவரத்தை மறைத்து வைத்திருக்கின்றன, பத்திரிகை என்ன செய்ய முடியும் என்று முன்பு சொல்லியிருக்கலாம். இன்று அப்படிச் சொல்ல இடமில்லை. 2023 அக்டோபரில் தன் பிக்சல் 8 கைப்பேசி வந்தபோது கூகுள் ஏழு ஆண்டு அப்டேட்டை அறிவித்தது; 2024 ஜனவரியில் தன் கேலக்ஸி எஸ்24 கைப்பேசி வரிசைக்குச் சாம்சங்கும் அதே ஏழு ஆண்டுகளை அறிவித்தது. விலை உயர்ந்த கருவிகளுக்கு மட்டுமே உரிய சலுகை இது என்றும் ஒதுக்கிவிட முடியாது. அதே 2024-இன் பிற்பகுதியில் வெளியான, நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் விலையில் உள்ள கேலக்ஸி ஏ16 5ஜி கைப்பேசிக்கு ஆறு ஆண்டுகள் தருவதாகச் சாம்சங் கூறியது. அதே விலையில் அடுத்த கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் வேறொரு நிறுவனத்தின் கைப்பேசிக்கு அதில் பாதி காலம்கூட உறுதியளிக்கப்படாமல் இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டு எழுதும் கட்டுரை, கேமராவில் எது சற்றுத் தெளிவு என்பதற்கு மூன்று பத்திகள் ஒதுக்கிவிட்டு இந்த வேறுபாட்டை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் முடிவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆப்பிள் நிறுவனத்தின் கதை சற்று வேடிக்கையானது. ஐபோன்களுக்கு நீண்ட காலம் அப்டேட் வருவது அனைவரும் அறிந்ததே. 2018-இல் வெளியான ஐபோன் எக்ஸ்எஸ், ஐபோனின் இயங்குதளத்தில் 2024-இன் பதிப்பான ஐஓஎஸ் 18 வரை பெற்று, 2025-இல் வந்த அடுத்த பதிப்பான ஐஓஎஸ் 26 பட்டியலில்தான் விடுபட்டது. ஆனாலும் தன் விளம்பரங்களில் அந்நிறுவனம் ஆண்டுக் கணக்கு எதையும் சொல்வதில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், இணையத்தில் இணையும் கருவிகளை விற்பவர்கள் குறைந்தபட்ச ஆதரவுக் காலத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதன் பிறகே ஐபோன் 15 புரோ மேக்ஸுக்கு ‘குறைந்தது ஐந்து ஆண்டுகள்’ என்று ஆப்பிள் எழுதிக்கொடுத்தது. கேட்பதற்கு ஆள் இருந்தால் பதில் வருகிறது என்பதே இதிலிருந்து நான் அறிந்துகொண்டது. சட்டம் கேட்காத ஊரில் பத்திரிகையாவது கேட்கலாம் அல்லவா?

ஆண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் அச்சிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ‘ஏழு ஆண்டு’ என்ற கணக்கு பொதுவாகக் கருவி அறிமுகமான நாளிலிருந்து தொடங்குகிறது, நாம் பணம் கொடுத்து வாங்கிய நாளிலிருந்து அன்று. தீபாவளி விற்பனையில் பெரும் தள்ளுபடியோடு குவிக்கப்படுபவை பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுக்கு முன் வெளியானவையே. நான்கு ஆண்டு உறுதியளிக்கப்பட்ட ஒரு கருவியை, அது வெளியாகி இரண்டு ஆண்டுகள் கழித்து வாங்குபவர், பாதி ஆயுள் கழிந்த பொருளையே வாங்குகிறார். தள்ளுபடித் தொகை அந்தப் பாதிக்கு ஈடாகிறதா என்று கணக்குப் போட அவருக்குத் தேதி தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சிக்கலை நேரடியாகவே தீர்த்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஒரு மாதிரியின் விற்பனையை நிறுவனம் முடித்துக்கொள்ளும் நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு அப்டேட் கிடைக்க வேண்டும். கடைசியாக வாங்கியவருக்கும் அங்கே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உண்டு.

நம் வீடுகளில் இத்தேதி இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே ஒரு கைப்பேசி ஒருவரோடு முடிவதில்லை. சம்பாதிக்கும் மகன் மூன்று ஆண்டுகள் வைத்திருந்தது அம்மாவுக்குப் போகிறது. அம்மாவிடமிருந்து பள்ளிப் பாடம் பார்க்கப் பேரப்பிள்ளைக்குப் போகிறது. அதன் பிறகும் உயிர் இருந்தால் எக்ஸ்சேஞ்சில் விலை பெறுகிறது. கைமாறும் ஒவ்வொரு முறையும், கருவியின் நுட்பத்தைப் பற்றிக் குறைவாக அறிந்தவரிடமே அது சேர்கிறது. இணைய மோசடிக்காரர்கள் குறிவைப்பதும் அவர்களைத்தான். ஆக, அப்டேட் நின்றுபோன கருவி, அது நின்றதை அறிய வாய்ப்பே இல்லாதவரின் கையில் இருக்கிறது. அமைப்புகளில் ‘கைப்பேசியைப் பற்றி’ என்ற பகுதிக்குள் சென்று ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதி தெரியும். தங்கள் வாசகர்கள் வீட்டில் உள்ள ஒவ்வொரு கைப்பேசியிலும் இதை ஒரு முறை பார்த்துவிட்டு இக்கடிதத்தின் மீதிப் பகுதியைப் படிக்கலாம்.

தேதிக்கு அடுத்தபடியாக நான் கேட்பது பேட்டரியையும் உதிரி பாகங்களையும் பற்றிய விவரம். லித்தியம் அயன் பேட்டரி பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்வது இயற்கை. நம் ஊர் வெயிலில் அது இன்னும் விரைவாகத் தேயும். அதனால் மென்பொருளுக்கு ஏழு ஆண்டு உறுதி தரும் நிறுவனம், அந்த ஏழு ஆண்டுகளுக்கு நடுவே பேட்டரியை மாற்றிக்கொள்ள வழி தராவிட்டால் அந்த உறுதி பாதி காகிதத்திலேயே நின்றுவிடும். பேட்டரி தேய்ந்த ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருப்பதற்காக அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டதும், அதன் பிறகு பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். கருவியே பழசாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கப் புறப்பட்ட எத்தனையோ பேருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு பேட்டரி மட்டுமே. மேலே சொன்ன ஐரோப்பிய விதிகள் 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியில் 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்றும், விற்பனை நின்ற பிறகு ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் சூடு காட்டிப் பசையை இளக்கி, திரைக்குச் சேதமில்லாமல் பின்மூடியைக் கழற்றும் கைகளை நான் வியந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களிடமும் அசல் பேட்டரி கிடைப்பது அரிது. ‘ஒரிஜினல் மாதிரியே இருக்கும்’ என்ற உத்தரவாதத்தோடுதான் பலர் வீடு திரும்புகிறார்கள்.

நம் அரசும் இதில் சும்மா இருக்கவில்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. கைப்பேசிகளையும் மின்னணுப் பொருள்களையும் பழுதுநீக்கும் எளிமைக்கேற்பத் தரம்பிரிக்கும் குறியீடு ஒன்றை வகுக்க 2024-இல் அமைக்கப்பட்ட குழு, 2025 மே மாதம் தன் அறிக்கையை அளித்தது. கருவியைப் பிரிப்பது எவ்வளவு எளிது, உதிரி பாகம் எவ்வளவு விரைவில் கிடைக்கும், மென்பொருள் அப்டேட் எப்படி என்பனவெல்லாம் அதில் மதிப்பிடப்படும் அம்சங்களாகச் சொல்லப்பட்டன. பிரான்ஸில் இத்தகைய மதிப்பெண்ணை 2021 முதலே கடையில் விலைக்கு அருகில் காட்டத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊர்ப் பெட்டிகளில் அது அச்சாகும்வரை பத்திரிகை காத்திருக்கத் தேவையில்லை.

கணினிப் பிரிவிலும் நிலைமை இதுதான். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பிராசசர், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு போன்ற தகுதிகள் இல்லாததால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ மடிக்கணினிகள் ஒரே நாளில் ‘பழையவை’ ஆயின. அவற்றில் லினக்ஸ் என்ற மாற்று இயங்குதளத்தை நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள். தங்கள் பக்கத்தில் யாரேனும் எழுதினால் மகிழ்வேன்.

வாசகர்கள் கேமராவைத்தானே கேட்கிறார்கள் என்று தங்கள் நிருபர் பதில் சொல்லக்கூடும். அப்படியானால் கேமராவைப் பற்றியாவது முழுமையாகச் சொல்லுங்கள் என்பேன். ‘200 மெகாபிக்சல்’ என்று கொட்டை எழுத்தில் போடப்படும் கேமரா, வழக்கமாகப் பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. இதில் தவறேதும் இல்லை, குறைந்த வெளிச்சத்தில் அதனால் நன்மையே. ஆனால் 200 என்ற எண்ணை மட்டும் படித்தவர், 50 மெகாபிக்சல் கைப்பேசியைவிட நான்கு மடங்கு தெளிவு கிடைக்கும் என்று நம்பி விடுகிறார். விலை குறைந்த கருவிகளின் முதுகில் இருக்கும் 2 மெகாபிக்சல் ‘மேக்ரோ’ (மிக நெருங்கிப் படமெடுக்கும்) கேமராவோ, எண்ணிக்கைக்காக ஒட்டப்பட்ட அலங்காரம் என்பது என் தாழ்மையான கருத்து. இப்போது அந்த இடத்தைச் செயற்கை நுண்ணறிவு பிடித்துக்கொண்டிருக்கிறது. படத்தில் பின்னால் நிற்பவரை அழிக்கும் வசதிக்குக் கிடைக்கும் பத்தி, பாதுகாப்புக்குக் கிடைப்பதில்லை.

நிறுவனம் சொல்வதை அப்படியே அச்சிட்டால் விளம்பரமாகிவிடும் என்ற தயக்கமும் நியாயமானதே. உறுதியளிப்பது ஒன்று, உரிய காலத்தில் அப்டேட் தருவது வேறொன்று. மாதந்தோறும் வந்தது பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவதும் உண்டு. ஆகவே விமர்சனம் எழுதிய கைப்பேசிகளில் சிலவற்றையாவது ஓராண்டு கழித்து மறுபடி எடுத்துப் பார்த்து, அப்டேட் சொன்னபடி வந்ததா, வந்த பின் கருவி மந்தமானதா என்று எழுதினால், இப்போது எங்கும் கிடைக்காத செய்தியாக அது இருக்கும்.

என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு விமர்சனத்தின் முடிவிலும் சிறு கட்டம் ஒன்றை ஒதுக்கி, பாதுகாப்பு அப்டேட் முடியும் மாதமும் ஆண்டும், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்றவும் திரை மாற்றவும் ஆகும் தொகை, உதிரி பாகங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற விவரம் ஆகியவற்றை வெளியிட வேண்டும். கேட்டும் பதில் தராத நிறுவனத்துக்கு அந்தக் கட்டத்தை வெற்றாக விடாமல் ‘நிறுவனம் தெரிவிக்கவில்லை’ என்று அச்சிடலாம். இடம் போதாதென்றால், பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று விவரிக்கும் பத்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் பல பெட்டிகளில் சார்ஜர்கூட இருப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
தஞ்சாவூர்.