புலிக்கயத்துச் சேட்டன்மாருக்கும் சேச்சிக்கும் கூடலூரிலிருந்து

அன்புள்ள சேட்டன்மாருக்கும் எங்களுக்கு மூன்று வேளையும் சோறு போட்ட சேச்சிக்கும் வணக்கம்.

ஆறு பிள்ளைகளோடு நாடுகாணி சுரம் இறங்கி, நிலம்பூர், முக்கம் வழியாகக் கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரிக்குக் கயாக் பழக வந்து சேர்ந்த எங்களை நினைவிருக்கும். 2013 முதல் மலபார் ரிவர் ஃபெஸ்டிவலுக்காக வெளிநாட்டு கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) வீரர்கள் வந்துபோகும் ஆறு உங்கள் சாலிப்புழா. கயாக்கைத் தொட்டே பார்க்காத எங்கள் பிள்ளைகளுக்கும் நீங்கள் அதே பொறுமையோடு சொல்லிக்கொடுத்தீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மூன்றாம் நாள் நீங்கள் "வேண்டாம்" என்று சொன்னதற்கு நன்றி.

முதல் இரண்டு நாளும் தேங்கின தண்ணீரில்தான் பாடம். கவிழ்ந்த கயாக்குக்குள் தலைகீழாக இருந்தபடி, பதறாமல், படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடியிருக்கும் ஸ்பிரே ஸ்கர்ட்டின் முன்வளையத்தை இழுத்து வெளியே வர வேண்டும். எங்களில் நன்றாக நீந்துகிறவன் என்று பெயரெடுத்த பையன் முதல் முறை வெளியே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தான். நீங்களும் அவனை அவசரப்படுத்தவில்லை.

மூன்றாம் நாள் ஆற்றில் இறங்க ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் எல்லாம் மாட்டி நின்றார்கள். நல்ல வெயில். நீங்கள் கரையில் குந்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தீர்கள். அப்புறம் ஒரு பாறையைக் காட்டி, "அதைப் பார்த்துக்கிட்டே இருங்க" என்றீர்கள். தெளிவாக ஓடிய சாலிப்புழா மெல்லத் தேநீர் நிறமானது. சருகும் சுள்ளியும் வந்தன. சத்தம் கனத்தது. அரைமணி நேரத்தில் அந்தப் பாறையைக் காணோம். மேலே மலையில் மழை என்றீர்கள். ஆறு பேரில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நான் எத்தனை தடவை "ஆத்துப் பக்கம் போகாதே" என்று சொல்லியிருப்பேன்! அந்த அரைமணி நேரம் செய்ததில் பாதியைக்கூட அது செய்ததில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு கூட்டிப்போனீர்கள். பாறைக்குப் பின்னால் நீர் மேல்நோக்கித் திரும்பும் இடம்தான் எடி, அங்கே ஒதுங்கி மூச்சு வாங்கலாம் என்று காட்டினீர்கள். சாய்ந்த மரத்தின் கிளைகளுக்குள் தண்ணீர் நுழைந்துபோகும், ஆள் போக முடியாது என்றீர்கள். ஓட்டத்தில் விழுந்தால் எழுந்து நிற்கக் கூடாது, மல்லாந்து கால்களை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும். கால் பாறையிடுக்கில் சிக்கினால் தண்ணீரே ஆளை அமுக்கிவிடும். இதைக் கேட்டபோது நான் சற்றுத் தள்ளிப் போய் நின்றேன். எங்கள் ஊரில் ஒரு பையனை அப்படித்தான் இழந்தோம். அவனுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை.

தண்ணீரில் விழுந்தவருக்கு வீசும் கயிற்றுப் பையான த்ரோ பேக்கோடு கரையில் மழையில் நனைந்தபடி நாள் முழுக்க நின்ற இரண்டு தம்பிகளுக்கும், ஈரத்துணிகளை அடுப்பருகே உலர்த்தித் தந்த சேச்சிக்கும் என்ன சொல்லியும் போதாது.

கடைசி நாள், ஆற்றோரக் கிளைகளில் தொங்கிய பிளாஸ்டிக்கை எங்கள் பெண்ணொருத்தி சாக்கில் சேர்க்கத் தொடங்கினாள். யாரும் சொல்லவில்லை. எங்கள் பாண்டியாறும் புன்னம்புழாவும் சேருவது சாலியாற்றில். உங்கள் சாலிப்புழாவும் இருவஞ்ஞிப்புழாவில் கலந்து அதே சாலியாற்றுக்குத்தான் போகிறது. பேப்பூரில் எல்லாம் ஒரே கடல். நாங்கள் கூடலூரில் ஓடையில் போடுவது எங்கே போகிறது என்று அவள் கேட்டாள். திரும்பி வந்ததும் எங்கள் தெருவோரக் கால்வாயிலிருந்து நான்கு மூட்டை எடுத்தோம். இன்னும் இருக்கிறது.

சேச்சி, நீங்கள் கொடுத்தனுப்பிய கறுப்புக் குடை இங்கே பத்திரமாக இருக்கிறது. அடுத்த ஜூலையில் கொண்டுவருகிறோம். இந்த முறை பத்துப் பேர் வருவோம், பாய் மட்டும் நாங்களே எடுத்து வருகிறோம்.

அன்புடன்,
கூடலூர் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டி வந்த அக்காவும்