பாட்டரி போன ஆக்சிமீட்டர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நோயாளியின் படுக்கையருகிலேயே நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் புதுப் பரிசோதனைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சளியை மிஷினில் வைத்தால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் எந்தக் கிருமி என்று சொல்லிவிடுமாம். நல்லதுதான். வண்டிப்பெரியாறில் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில் இருக்கும் எனக்கு அதற்கு முந்தைய படிதான் கண்ணில் படுகிறது.

போன ஆடி மழையில் என் அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தார். எழுபது தாண்டியவர். காய்ச்சல் இல்லை, இருமலும் பெரிதாக இல்லை. பேச்சு மட்டும் குழறியது, என்றோ இறந்துபோன அப்பாவைக் கூப்பிட்டு, "கொழுந்து எடை போட்டாச்சா?" என்று கேட்டார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று டிஸ்பென்சரியில் சிரப் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரை சிஸ்டர் மாட்டினால் வெறும் கோடுதான் வந்தது. விரல் அவ்வளவு சில்லிட்டிருந்தது. அந்தப் பெண் அம்மாவின் கையைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்து, சூடேறியதும் மறுபடி மாட்டினார். ஆக்சிஜன் 84 சதவீதம்தான். அப்புறம் ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார். 34. பெரியவர்களுக்கு 30 தொட்டாலே ஆபத்தாம். நிமோனியாவாக இருக்கும் என்று எக்ஸ்ரேக்கு முன்பே ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள். சளியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் மூன்றாம் நாள் வந்தபோது அம்மா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

அதே ஆக்சிமீட்டர் எங்கள் டிஸ்பென்சரியிலும் உண்டு. கொரோனா காலத்தில் வந்தது, பாட்டரி போய் டிராயரில் கிடந்தது.

உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ஒரு புரதத்தை விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் சி.ஆர்.பி. சோதனைக்குக் கட்டுரையில் ஒரே வரி. எங்களுக்கு அதுதான் பெரிது. சில நிமிடத்தில் எண் வந்துவிடும். 2014இல் பிரிட்டனில் வந்த வழிகாட்டுதல்படி லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆன்டிபயாட்டிக் வழக்கமாகத் தேவையில்லை, 100க்கு மேலே என்றால் கொடுக்க வேண்டும். கிருமியின் பெயரை அது சொல்லாது, சரி.

குழந்தைக்கு மிஷின்கூட வேண்டாம், கடிகாரம் போதும். இருமலோடு, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50 மூச்சு, அதற்கு மேல் ஐந்து வயதுவரை 40 தொட்டால் நிமோனியாவாக இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அழும்போது எண்ணக் கூடாது, அவ்வளவுதான்.

எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒரு பக்கம் கோட்டயம், இன்னொரு பக்கம் குமுளி வழியாகத் தேனி க.விலக்கு. எதற்கும் மலை இறங்க வேண்டும். யாரை, எப்போது இறக்குவது என்று மேலேயே முடிவு செய்யத்தான் எங்களுக்குப் பரிசோதனை வேண்டும். அந்த ஒரு மணி நேர மிஷின் ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகுமா என்று கட்டுரையாளர் அடுத்த முறை எழுதட்டும். டிஸ்பென்சரிக்கு இரண்டு பாட்டரி நானே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாசகர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்